பொலிகுதிரையின் விந்தைக் கெடாமற் காத்தல்

நல்ல ஜாதிப் பெட்டைக்குதிரை ஓர் ஆண்டில் ஈனக்கூடியது ஒரே குட்டி. சினை தங்கிய நாள் முதல் ஈனும் நாள் வரையில் ஏறக்குறைய 340 நாட்கள் செல்லும். பெட்டை ஒழுங்காகப் பருவத்திற்கு வருவதும் பெரும்பாலும் பகற்பொழுது நீண்டிருக்கும் மாதங்களிலேயே நிகழும். ஆகவே அம்மாதங்களில் இரண்டு மூன்று முறை சினை தவறிவிடுமாயின், அவ்வாண்டு முழுவதும் வீணாயிற்றென்றே கொள்ளவேண்டும். தீனிச் செலவும், குதிரைக்காரன் கூலியும், பொலிகுதிரைக்குக் கொடுத்த கட்டணமும் நஷ்டமாவதோடு, குற்றமற்ற பெட்டை மலடு என்று பெயர் பெற்று அற்ப விலைக்கு விற்கப்படுவதும் உண்டு.

இவ்வாறு சினை தவறுவதற்குக் காரணங்கள் பல. பெட்டையின் கருப்பைக் கோளாறும், பொலிகுதிரையின் குறைபாடும் அவற்றுட் சேர்ந்தவையே. ஆயினும் தூரத்திலிருந்து விந்தைத் தருவித்துச் செயற்கை முறையிற் செலுத்துமிடத்து மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. அது பெட்டையிடத்தும் இல்லை, பொலிகுதிரையிடத்தும் இல்லை, இடையிலே விந்தைக் கையாண்ட முறையில் உள்ளது. சோதனையின்றி எவர் கண்ணுக்கும் புலப்படாத காரணமாதலால், இதனால் விளையும் பழி பெரும்பாலும் வாயில்லாப் பிராணிகளின் மேலேயே விழுகின்றது.

இவ்விஷயத்தில் முதலாவதாக மனத்திற் கொள்ளவேண்டிய உண்மை ஒன்றுண்டு. வெளிப்பட்ட விந்தை முன்னிருந்ததினும் உயர்ந்ததாக்கும் வழி யாதொன்றும் இல்லை. இருக்கும் சக்தி குறையாமற் காக்கும் வழி மாத்திரமே உண்டு. அவ்வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதிற் கூறப்படும் உஷ்ண அளவுகள் யாவும் சென்டிகிரேடு டிகிரிகளாகும்.

இம்முறையின் அவசியம்

இந்தியாவில் குதிரைகளின் தொகை விரைவாகக் குறைந்து வருகின்றது. 2012-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 6 லட்சத்து 25 ஆயிரமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும், 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 3 லட்சத்து 40 ஆயிரமே இருந்தன. ராஜஸ்தானத்து மார்வாரிக் குதிரையும், குஜராத்தின் கத்தியவாரிக் குதிரையும் உட்புறம் வளைந்து நுனி கூடும் காதுகளால் உலகில் எங்கும் அடையாளம் காணத்தக்க உயர்ந்த ஜாதிகள். இவற்றில் குற்றமற்ற பொலிகுதிரைகள் சிலவே. அவையும் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் உள்ளன. அருகிலிருக்கும் ஒரே குதிரையை அதன் சந்ததிகளுக்கே மீண்டும் மீண்டும் சேர்ப்பித்தால் இரத்தக் கலப்பு நெருங்கி, ஜாதியின் வலிமை குன்றும். பெட்டையை நூற்றுக்கணக்கான மைல் தூரம் கொண்டு போவதோ செலவும் அபாயமும் மிகுந்தது. விந்தைக் கெடாமற் கொண்டுவரக்கூடுமானால் இவ்விரு தொல்லைகளும் நீங்கும்.

தமிழ்நாட்டிற்கும் குதிரை அபிவிருத்திக்கும் பழைய தொடர்பு உண்டு. ஓசூரில் 1824-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியார் நிறுவிய பண்ணை, படைக்கு வேண்டிய குதிரைகளின் பொருட்டே ஏற்பட்டது. பிற்காலத்தில் அது கால்நடைப் பண்ணையாக மாறிற்று. இக்காலத்தில் இந்தியாவில் குதிரைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கென ஹரியானாவிலுள்ள ஹிசார் நகரில் 1985-ல் தேசியக் குதிரை ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தப்பட்டது. ராஜஸ்தானத்தில் பிகானீரிலும் அதற்கு ஒரு கிளை உண்டு. மார்வாரி முதலிய ஜாதிக் குதிரைகளின் விந்தைக் குளிர்வித்தும் உறைய வைத்தும் உபயோகிக்கும் முறைகள் அங்கே கையாளப்பட்டு வருகின்றன.

இம்முறை திடீரெனத் தோன்றியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இத்தாலி தேசத்து ஸ்பல்லான்சானி என்பவர், பனியிற் குளிர்ந்து அசைவற்றுப் போன விந்தணுக்கள் மீண்டும் வெதுவெதுப்புக் கிடைத்ததும் அசைவதைக் கண்டார். ரஷ்யாவில் இவானாவ் என்னும் விஞ்ஞானி 1899 முதல் குதிரைகளில் செயற்கைச் சினை முறையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டினார். 1949-ல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகிய மூவரும் கிளிசரின் சேர்த்தால் சேவலின் விந்தணுக்கள் உறைந்த பின்னும் உயிரோடிருப்பதை வெளியிட்டனர். அதனைப் பின்பற்றி 1957-ல் கனடா தேசத்தில் பார்க்கர், காண்டியர் என்னும் இருவர், உறைய வைத்த குதிரை விந்தணுக்களால் பெட்டைக்குதிரை சினையானதை முதன்முதல் அறிவித்தனர்.

விந்தின் இயல்பு

ஒரு பொலிகுதிரை ஒரு முறை வெளிவிடும் விந்து பொதுவாக 30 முதல் 100 மில்லிலிட்டர் வரை இருக்கும். அதில் ஒரு பகுதி பிசின் போன்ற கட்டிச் சளி. அதை வடிகட்டி நீக்கியபின் எஞ்சிய நீர்த்த பகுதியே உபயோகத்திற்குரியது. ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 10 கோடி முதல் 35 கோடி வரை விந்தணுக்கள் இருக்கலாம். ஒவ்வோர் அணுவும் தலையும் வாலும் உடைய நுண்ணிய ஜீவன். அதன் உடலைச் சுற்றிலும் கொழுப்புப் பொருள் மிகுந்த மெல்லிய உறையொன்று உண்டு. விந்தைக் காப்பதென்பது இவ்வுறையைக் காப்பதேயாகும்.

வெந்நெய் மெதுவாக ஆறும்போது ஒருவகையாகவும், திடீரெனக் குளிரும்போது வேறுவகையாகவும் உறைவதைச் சமையலறையிற் காணலாம். விந்தணுவின் உறையிலுள்ள கொழுப்பும் இத்தகையதே. உடற்சூட்டிலிருந்து திடீரெனக் குளிரும்போது அவ்வுறை ஆங்காங்கு இறுகி விரிசல் காணும். உள்ளிருக்கும் சத்துக்கள் வெளியே கசியும். அணு வட்டமாகச் சுழன்றோ பின்னோக்கி நீந்தியோ சிறிது நேரத்தில் மாண்டுபோகும். இதனைக் குளிர்ச்சித் தாக்குதல் என்பர். 20 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் இடைப்பட்ட நிலையிலேயே இத்தாக்குதல் கடுமையாக இருக்கும்.

குளிரைத் தவிர வேறு சத்துருக்களும் உண்டு. ஒரு துளி வெறும் நீர் கலந்தாலும் அணுக்கள் நீரை உறிஞ்சி வீங்கிக் கெடும். மூத்திரம், சோப்பு, கிருமிநாசினி மருந்துகள், நேரான வெயில் ஆகியவையும் அவ்வாறே கெடுக்கும். சில பீச்சுகுழல்களின் உள்ளிருக்கும் ரப்பர் அடைப்பும் விந்தணுவுக்கு விஷமாதலால், ரப்பர் இல்லாத பிளாஸ்டிக் குழல்களையே உபயோகிக்கவேண்டும். குதிரையின் விந்தணு தனக்கு வேண்டிய சக்தியைப் பெரும்பாலும் பிராணவாயுவைக் கொண்டு எரித்தே பெறுகின்றது. அவ்வெரிப்பிற் பிறக்கும் கழிவுப்பொருள்கள் நாளடைவில் அணுவையே தாக்கும். குளிர்ந்த நிலையில் அணுவின் வேலை மந்தமாவதால் கழிவும் குறையும். இக்காரணம் பற்றியே குளிர்வித்தல் விந்தைக் காக்கும் வழியாயிற்று.

பொலிகுதிரையைப் பேணுதல்

விந்தைக் காக்கும் வேலை அதை எடுக்கும் நாளில் ஆரம்பிப்பதன்று. குதிரையின் விரையில் விந்தணு ஒன்று உருவாக ஏறக்குறைய 57 நாட்கள் ஆகும். அதன்பின் விரையை ஒட்டிய நீண்ட குழாயில் முதிர்ந்து வெளியே வரச் சற்றேறக்குறைய மேலும் ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை செல்லும். ஆகவே இன்று எடுக்கப்படும் விந்து இரண்டு மாதங்களுக்கு முன்னர் குதிரை இருந்த நிலையைக் காட்டும். மாசி மாதத்தில் கடும் ஜுரங்கண்ட குதிரை பங்குனியிற் பூரண சுகமடைந்து காணப்பட்டாலும், அதன் விந்து சித்திரை மாதத்திலும் குறைவுபட்டிருக்கக்கூடும். இதையறியாமல், "குதிரை நன்றாகத்தானே இருக்கின்றது" என்று நம்பி அதன் விந்தை வெளியூருக்கு அனுப்புவோர் பலர்.

விரைகள் உடலினும் சற்றுக் குளிர்ந்திருந்தாலன்றி நல்ல அணுக்கள் உண்டாகா. ஆதலின் கோடையில் லாயத்திற்கு நிழலும் காற்றோட்டமும் வேண்டும். வெயிலில் நீண்ட ஓட்டம் கூடாது. விரையில் வீக்கமோ காயமோ காணின் தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும். கண்காட்சிக்காகத் தசை பெருகுமென்று ஊசி மூலம் செலுத்தப்படும் சில மருந்துகள் விரையைச் சுருக்கி விந்தணுக்களைக் குறைத்துவிடும். பொலிகுதிரைக்கு அத்தகைய மருந்துகளை ஒருபோதும் கொடுத்தலாகாது.

நெடுநாள் ஓய்ந்திருந்த குதிரை முதன்முதல் தரும் விந்தில், தேங்கிக் கிடந்த பழைய அணுக்கள் மிகுந்திருக்கும். அவ்விந்து தோற்றத்தில் கெட்டியாக இருப்பினும் உயிர்ச்சக்தி குறைந்தது. பருவகாலம் துவங்குமுன் சில முறை விந்தெடுத்துக் கழித்துவிட்ட பின்னரே காப்பதற்குரிய விந்தை எடுத்தல் வேண்டும். அவ்வாறே நாள்தோறும் பல முறை எடுத்துக் குதிரையை அயரச் செய்வதும் தகாது.

விந்தெடுக்கும் முறை

விந்தெடுப்பதற்குச் செயற்கை யோனி எனப்படும் கருவி உபயோகிக்கப்படுகின்றது. இது இரட்டைச் சுவருள்ள உருளை. சுவர்களின் இடையே வெந்நீர் நிரப்பப்படும். உட்புறத்தின் உஷ்ணம் 44 முதல் 48 டிகிரிக்குள் இருக்கவேண்டும். இதற்குக் குறைந்தால் பல குதிரைகள் விந்து விடுவதில்லை. மிகுந்தால் குதிரைக்கு நோவு உண்டாவதோடு, அச்சூட்டில் தங்கும் விந்தணுக்களும் மடியும். ஆகவே விந்து உருளையுள் நில்லாமல் நுனியிற் பொருத்திய பாத்திரத்தில் உடனே சென்று சேரும்படி கருவியைப் பிடித்தல் வேண்டும். பாத்திரமும், வடிகட்டியும், பின்னர்ச் சேர்க்கவிருக்கும் கரைசலும் முன்னதாகவே 37 டிகிரிக்குச் சூடாக்கப்பட்டிருத்தல் அவசியம். பனிக்காலத்துக் காலை வேளையிற் குளிர்ந்து கிடந்த கண்ணாடிப் பாத்திரத்தில் ஏந்திய விந்து, எடுத்த கணத்திலேயே பாதி கெட்டதாகும்.

குதிரையின் குறியை வெதுவெதுப்பான சுத்த நீரால் மாத்திரம் கழுவி, மெல்லிய பஞ்சினால் ஈரமற ஒற்றியெடுக்கவேண்டும். சோப்பும் கிருமிநாசினியும் கூடா. அவை விந்தில் கலந்து கெடுப்பதோடு, தோலில் இயற்கையாக வாழும் தீமையற்ற கிருமிகளை அழித்து, கருப்பையைப் பழுதாக்கும் கொடிய கிருமிகள் குடிபுக இடங்கொடுக்கும்.

எடுத்த விந்து மஞ்சள் நிறமாகவோ மூத்திர நாற்றத்துடனோ இருந்தாலும், இரத்தம் கலந்து சிவந்திருந்தாலும் அதை அனுப்புதல் கூடாது. நல்ல விந்து பால் கலந்த நீர்போல் வெண்மையாக இருக்கும். உடனே ஒரு துளியை வெதுவெதுப்பான கண்ணாடித் தகட்டில் இட்டு மைக்ராஸ்கோப் என்னும் பூதக்கண்ணாடியின் மூலம் நோக்கி, 100 அணுக்களில் எத்தனை நேராக முன்னோக்கி நீந்துகின்றன என்று கணக்கிடவேண்டும். நல்ல குதிரையிடத்து இது 60-க்கு மேற்பட்டிருக்கும்.

காப்புக் கரைசலும் கணக்கும்

விந்தை அப்படியே வைத்திருந்தால் சில மணி நேரத்தில் அதன் சக்தி போய்விடும். விந்தோடு இயற்கையாக வரும் நீர்ப்பகுதியே நெடுநேரம் தங்கினால் அணுக்களுக்குக் கேடு செய்யும். ஆதலால் எடுத்த சில நிமிஷங்களுக்குள் காப்புக் கரைசல் சேர்த்து நீர்ப்பித்தல் வேண்டும். 1975-ல் அமெரிக்காவில் கென்னி என்னும் கால்நடை மருத்துவரும் அவருடைய துணைவர்களும் வெளியிட்ட கரைசலே இன்றும் பல இடங்களில் அடிப்படையாக விளங்குகின்றது. ஏறக்குறைய 100 மில்லிலிட்டர் வடித்த நீருக்குக் கொழுப்பு நீக்கிய பால்தூள் 2.4 கிராம், குளுக்கோஸ் 4.9 கிராம் என்பதும், அவற்றோடு கிருமிகளை ஒடுக்கும் மருந்து சிறிதளவு என்பதும் அதன் சாரம். பாலிலுள்ள புரதம் விந்தணுவின் உறையைக் குளிரினின்று காக்கும். குளுக்கோஸ் அதற்கு உணவாகும்.

வீட்டுப் பசும்பாலையே கலந்தாலென்ன என்று சிலர் கருதக்கூடும். காய்ச்சாத பாலில் விந்தணுக்களைக் கொல்லும் புரதமொன்று உள்ளது. அது 92 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பத்து நிமிஷம் இருந்தாலன்றி அழியாது. அன்றியும் பாலின் கொழுப்புத் துளிகள் சோதனைக்கு இடையூறாகும். மருந்தின் அளவு சிறிது கூடினும் விந்துக்குத் தீங்கே. ஆகவே கைக்கணக்கை நம்பாமல், மருத்துவ நிலையத்தாரிடமிருந்து பெற்ற கரைசலையே உபயோகித்தல் உத்தமம்.

எவ்வளவு கரைசல் சேர்ப்பது என்பதைக் கணக்கினாலேயே துணியவேண்டும். உதாரணமாக, சளி நீக்கிய விந்து 60 மில்லிலிட்டர், ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 20 கோடி அணுக்கள், நூற்றுக்கு 70 நன்றாக நீந்துவன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,200 கோடி அணுக்கள். அவற்றில் நீந்துவன 840 கோடி. மறுநாள் உபயோகிக்க அனுப்பும் விந்தில் ஒரு பெட்டைக்கு 100 கோடி நீந்தும் அணுக்கள் இருப்பது வழக்கம். வழியில் ஒரு பங்கு சக்தியிழந்தாலும், சேரும்போது வேண்டிய 50 கோடி எஞ்சுவதற்காகவே இவ்வாறு இருமடங்கு வைக்கப்படுகின்றது. எனவே இவ்விந்தை எட்டுப் பெட்டைகளுக்குப் பங்கிடலாம். ஒரு பங்கு விந்துக்கு மூன்று பங்கு கரைசல் சேர்த்தால் மில்லிலிட்டருக்கு 5 கோடி அணுக்கள் அமையும். மில்லிலிட்டருக்கு 2½ கோடி முதல் 5 கோடி வரை இருப்பதே குளிர்வித்தலுக்கு ஏற்ற அளவு. கட்டணத்தை எண்ணி எட்டைப் பன்னிரண்டாகப் பங்கிடுவோர், பன்னிரண்டு பெட்டைக்காரரையும் நஷ்டப்படுத்துவோராவர்.

கலக்கும்போது வெதுவெதுப்பான கரைசலை விந்தில் மெதுவாக ஊற்றவேண்டும், குலுக்குதல் கூடாது. பையிலோ குழலிலோ நிரப்பும்போது காற்று தங்காதபடி நீக்கி மூடவேண்டும்.

குளிர்வித்து அனுப்புதல்

37 டிகிரியிலிருந்து 20 டிகிரி வரை ஓரளவு விரைவாகக் குளிர்ந்தாலும் பெருந்தீங்கு இல்லை. 20 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்கு இறங்குவதே அபாயமான கட்டம். இக்கட்டத்தில் நிமிஷத்திற்கு ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு வீதம் குறைதல் நலம். அதாவது 12 டிகிரி இறங்க நான்கு மணி நேரம் செல்லவேண்டும். அதன்பின் 4 முதல் 6 டிகிரியில் நிலையாக வைத்திருந்தால், பெரும்பாலான குதிரைகளின் விந்து 24 மணி நேரமும், சிலவற்றின் விந்து 48 மணி நேரமும் உபயோகத்திற்குத் தகுதியாக இருக்கும்.

இவ்வாறு தானே மெதுவாகக் குளிரும்படி அமைந்த பெட்டிகள் 1980-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் வழக்கத்திற்கு வந்தன. உறைந்த குளிர்ப்பைகளுக்கும் விந்துக்கும் இடையே கணக்கிட்ட கனமுள்ள தடுப்பு இருப்பதே அவற்றின் இரகசியம். சாதாரணத் தெர்மாஸ் குடுவையிற் பனிக்கட்டியை நிரப்பி, அதன் நடுவே விந்துக் குழலைச் செருகி அனுப்பும் வழக்கம் முற்றிலும் தவறானது. பனிக்கட்டியைத் தொடும் விந்து சில நிமிஷங்களிற் குளிர்ந்து, நான்கு மணி நேரத்தில் நிகழவேண்டிய மாறுதலுக்கு உடனே இரையாகின்றது. சேர்ந்தவிடத்தில் குழல் சில்லென்று இருப்பதைக் கண்டு, நன்றாகக் காக்கப்பட்டதென்று மகிழ்வோர் ஏமாறுகின்றனர்.

பெட்டியை வழியில் திறந்து பார்த்தல் கூடாது. மோட்டார் வண்டியின் இயந்திரத்தருகிலோ வெயில் படும் ஆசனத்திலோ வைத்தலும் கூடாது. சேர்ந்தபின் விந்து முழுவதையும் சூடாக்கவேண்டிய அவசியமில்லை. சோதிப்பதற்கென ஒரு சிறு துளியை மாத்திரம் 37 டிகிரிக்குச் சூடாக்கிப் பார்த்து, மீதியைக் குளிர்ந்தபடியே பெட்டையின் கருப்பையிற் செலுத்தவேண்டும். அங்கே உடற்சூட்டினால் அது தானே வெதுவெதுப்படையும். சோதிக்கும்போது காணும் எண்ணிக்கையைத் தவறாமல் எழுதி, விந்து அனுப்பியவருக்கும் தெரிவித்தல் நன்று. சினை தவறினால், குற்றம் எங்கே என்பதை அந்த எழுத்தே காட்டும்.

உறைய வைத்துக் காத்தல்

ஆண்டுக்கணக்கிற் காக்கவேண்டுமானால் விந்தைத் திரவ நைட்ரஜனில் வைத்தல் வேண்டும். அதன் குளிர் பூஜ்யத்திற்குக் கீழ் 196 டிகிரி. அந்நிலையில் விந்தணுவின் எல்லாச் செயல்களும் நின்றுவிடுவதால், பொலிகுதிரை இறந்த பின்னும் அதற்குக் குட்டிகள் பிறக்கக்கூடும். இதற்கு விந்தைச் சுழற்றுப் பொறியில் இட்டு நீர்ப்பகுதியைப் பெரும்பாலும் நீக்கி, முட்டையின் மஞ்சட்கருவும் கிளிசரினும் சேர்ந்த கரைசலிற் கலந்து, அரை மில்லிலிட்டர் கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் குழல்களில் அடைத்து, நைட்ரஜன் ஆவியில் உறைய வைத்தபின் திரவத்தில் ஆழ்த்துவர். நீர் உறைந்து ஊசிபோன்ற பனித்துகள்களாகி அணுவைத் துளைக்காதபடி கிளிசரின் தடுக்கின்றது.

இவ்வேலை தேர்ந்த நிலையங்களிலேயே நடைபெறவேண்டியது. எல்லாப் பொலிகுதிரைகளின் விந்தும் உறைதலை ஒரே அளவில் தாங்குவதில்லை என்பதையும் அறிதல் வேண்டும். நேர்ச்சேர்க்கையிற் சிறந்த சில குதிரைகளின் விந்து உறைந்தபின் பயனற்றதாகின்றது. ஆகையால் எதிர்காலத்தை நம்பி முழுத்தொகையும் செலவிடுமுன், சில குழல்களை உறைய வைத்து, உருக்கிச் சோதித்து முடிவு செய்யவேண்டும். உருகியபின் நூற்றுக்கு 30-க்கும் குறையாத அணுக்கள் முன்னோக்கி நீந்துவதும், ஒரு வேளைக்கு அத்தகைய அணுக்கள் 25 கோடியேனும் இருப்பதும் பொதுவாக எதிர்பார்க்கப்படுகின்றன.

குழல்கள் வைத்திருக்கும் கொள்கலத்தைக் காப்பவர் கவனிக்கவேண்டியவை இவை. நைட்ரஜன் இடைவிடாது ஆவியாகிக்கொண்டே இருப்பதால், குறித்த கிழமையில் அளவுகோலால் மட்டம் பார்த்துக் குறையுமுன் நிரப்பவேண்டும். குழலைத் தேடும்போது கொள்கலத்தின் கழுத்துக்கு மேலே தூக்குதல் கூடாது. பத்து விநாடிக்குள் அகப்படாவிடின் மீண்டும் திரவத்தில் ஆழ்த்தி, சற்றுப் பொறுத்துத் தேடவேண்டும். வெளிக்காற்றிற் சில விநாடிகள் நின்ற குழல் கண்ணுக்கு உறைந்ததாகவே தோன்றினும், உள்ளே உருகத் துவங்கி மீண்டும் உறைந்து கெட்டிருக்கும். உருக்கிய விந்தை மறுபடி உறைய வைத்தலாகாது. உருக்குவதற்கு 37 டிகிரி நீரில் 30 விநாடி வைத்து, குழலின் வெளி ஈரத்தை முழுதும் துடைத்தபின் வெட்டவேண்டும். விந்தை உறைய வைத்த நிலையத்தார் வேறு அளவு குறித்திருந்தால் அதனையே பின்பற்றவேண்டும். மூடிய சிறு அறையில் நைட்ரஜனைக் கையாண்டால் சுவாசத்திற்குரிய காற்றுக் குறைந்து உயிருக்கே அபாயம் நேரும். கதவு ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். கையுறையும் கண்காப்பும் இன்றியமையாதவை.

பெட்டையின் காலமறிதல்

விந்து எத்துணை நன்றாகக் காக்கப்பட்டாலும், காலந்தவறிச் செலுத்தினால் பயனில்லை. பெட்டைக்குதிரை 21 அல்லது 22 நாட்களுக்கு ஒருமுறை பருவத்திற்கு வந்து, 5 முதல் 7 நாட்கள் வரை பருவத்தில் நிற்கும். சினைமுட்டை வெளிப்படுவது பருவம் முடிவதற்கு ஒன்று அல்லது இரண்டு நாட்களுக்கு முன். நேர்ச்சேர்க்கையிற் செலுத்தப்படும் புதிய விந்து பெட்டையின் உடலில் இரண்டு நாட்களும் அதற்கு மேலும் உயிர் தரித்திருக்கும். குளிர்ந்த விந்தை முட்டை வெளிப்படுமுன் 24 மணி நேரத்திற்குள் செலுத்தவேண்டும். உறைந்து உருகிய விந்துக்கு இன்னும் ஆயுள் குறைவாதலால், முட்டை வெளிப்படுமுன் 12 மணிக்கும் வெளிப்பட்டபின் 6 மணிக்கும் இடைப்பட்ட நேரமே தகுந்தது. இக்காலத்தை வெளிக்குறிகளால் மாத்திரம் துணிய இயலாது. கால்நடை மருத்துவர் ஸ்கேன் கருவியினாற் சினைப்பையைச் சோதித்துக் கூறவேண்டும். ஆகவே முதலில் மருத்துவரோடு நாள் குறித்து, பின்னரே விந்துக்கு எழுதுதல் முறை.

விந்துடன் செல்லும் நோய்கள்

விந்தணுவைக் காக்கும் குளிரே நோய்க் கிருமிகளையும் காக்கும் என்பதை மறத்தலாகாது. 1977-ல் இங்கிலாந்தில் நியூமார்க்கெட் என்னும் இடத்துக் குதிரைப் பண்ணைகளில் பெட்டைகளின் கருப்பையைத் தாக்கும் தொற்றுநோயொன்று முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் கிருமி பொலிகுதிரைக்கு யாதொரு நோயும் காட்டாமல் அதன் குறியில் வாழ்வது. 1984-ல் அமெரிக்காவிலுள்ள கென்டக்கி மாகாணத்துப் பண்ணைகளில் பரவிய தமனி அழற்சி நோயின் நுண்கிருமியோ, சில பொலிகுதிரைகளின் விந்தில் நெடுங்காலம் தங்குவது. பெட்டைகளுக்குக் கருச்சிதைவை உண்டாக்குவது. உறைய வைத்த விந்திலும் அழியாதது. கரைசலிற் சேர்க்கும் மருந்துகள் இத்தகைய நுண்கிருமியை ஒன்றும் செய்யா. ஆகவே பருவகாலம் துவங்குமுன் ஒவ்வொரு பொலிகுதிரைக்கும் இரத்தப் பரிசோதனையும் கிருமிப் பரிசோதனையும் செய்வித்துச் சான்று பெறுதல் வேண்டும்.

கிளாண்டர்ஸ் என்னும் கொடிய நோய் குதிரைகளிலிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடியது. இந்தியாவில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இதனை உடனே அறிவித்தல் கட்டாயம். மூக்கில் புண்ணும் சீழும், தோலில் முடிச்சுகளும் காணப்படும் குதிரையைப் பற்றிய செய்தி கிராம அதிகாரிகளின் காதுக்கு எட்டியவுடன் கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்தல் அவர்கள் கடமையாகும். அத்தகைய குதிரையை விந்தெடுக்கவோ சேர்ப்பிக்கவோ அனுமதித்தல் கூடாது.

பதிவும் சான்றும்

ஒவ்வொரு விந்துக் குழலிலும் பையிலும் பொலிகுதிரையின் பெயர், பதிவு எண், விந்தெடுத்த தேதி, மணி ஆகியவை அழியாத மையில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். அணுக்களின் தொகை, நீந்தும் வீதம், சேர்த்த கரைசல் ஆகியவை தனித்தாளில் உடன் வரவேண்டும். பெயரற்ற குழலிலிருந்து பிறந்த குட்டி எத்துணை அழகாயிருப்பினும், ஜாதிப் பதிவேட்டில் இடம் பெறாது. சந்தேகம் நேர்ந்தால் பிடரி மயிரைக் கொண்டு மரபணுச் சோதனையால் தந்தையை நிச்சயிக்கலாம். ஆயினும் பின்னர் வழக்காடுவதினும் முன்னர் எழுதி வைப்பது எளிது.

பந்தயக் குதிரைகளாகிய தரோபிரெட் ஜாதியினை வளர்ப்போர் ஒன்றை முக்கியமாக அறியவேண்டும். நேர்ச்சேர்க்கையாற் பிறந்த குட்டிகளை மாத்திரமே அந்த ஜாதியின் பதிவேடுகள் ஏற்கின்றன. செயற்கை முறையாற் பிறந்த குட்டி பந்தயத்தில் ஓட உரிமை பெறாது. ஆகவே அவர்கள் இம்முறையிற் பணம் செலவிடுமுன் விதிகளை விசாரித்தறிதல் நலம்.

முடிவுரை

இம்முறைக்கு வேண்டுவன விலையுயர்ந்த பொருள்கள் அல்ல. ஒரு நல்ல உஷ்ணமானி, ஒரு பூதக்கண்ணாடி, முறைப்படி செய்த கரைசல், தகுந்த பெட்டி, தவறாமல் எழுதும் ஒரு குறிப்பேடு ஆகிய ஐந்தும் இருந்தால், குளிர்வித்த விந்தை அனுப்பவும் பெறவும் போதும். இவற்றினும் வேண்டுவது அவசரமின்மை. இரண்டு மாதங்கள் குதிரையைப் பேணி, சில நிமிஷங்களில் விந்தை எடுத்து, நான்கு மணி நேரம் மெதுவாகக் குளிர்வித்து, சரியான நாளிற் செலுத்துபவரே அடுத்த ஆண்டு குட்டியைக் காண்பவர்.

பெட்டை இருமுறை சினை தவறினால் அதை விற்கத் துணியுமுன், விந்து வந்த பெட்டியின் உஷ்ணத்தையும், அன்று கண்ட நீந்தும் வீதத்தையும், செலுத்திய மணியையும் குறிப்பேட்டிற் பார்த்தல் வேண்டும். குறிப்பேடே இல்லையென்றால், பெட்டையை மலடென்று கூற எவருக்கும் ஆதாரம் இல்லை.